பக்கெட் எங்கே கிடைக்கும்?

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்டால் இல்லை என்பாள். புனேயில் மழை விடாமல் பெய்கிறது என்றாய். இங்கே ஆடி பிறந்தும் பாலாற்றில் மணல்தான். சாயங்காலம் ஒரு தூறல் போட்டுப் புழுக்கத்தைக் கிளப்பிவிட்டுப் போய்விடுகிறது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசும்போது நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்க்கிறாய். பாத்திரம் உருளும் சத்தம் எனக்குக் கேட்கிறது. கடிதமென்றால் உட்கார்ந்துதானே படிக்க வேண்டும்.

கல்லூரி திறக்கும் வாரத்துக்கு நீ போட்டு அனுப்பிய திட்டத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்நூறு சுவிசேஷக் கைப்பிரதி, ஒரு பாடல் நிகழ்ச்சி, வெளியூரிலிருந்து பேச்சாளர், மூன்று கல்லூரி வாசலில் மேசை. கடைசியில் "இலக்கு: நூறு புதிய மாணவர்" என்று ஒரு வரி. நீ வங்கியை விட்டுக் கல்லூரி மாணவர்களிடையே முழுநேர ஊழியத்துக்கு வந்துவிட்டாய், வங்கி இன்னும் உன்னை விடவில்லை போலிருக்கிறது. நம் வேலூரில் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவமனையைத் தொடங்கியபோது, சுவரில் "இலக்கு" என்று எதுவும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். (இந்தக் கதையை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டுக் கேட்டு நீ சலித்திருப்பாய். மன்னித்துக்கொள்.)

கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்டதால் சொல்கிறேன். உன் திட்டத்தில் எல்லாம் இருக்கிறது, பக்கெட் இல்லை.

காட்பாடி பார்சல் ஆபீசில் நான் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவன். ஆடி மாதம் வந்தால் பிளாட்பாரத்தில் இரண்டு விதமான கூட்டம். ஒன்று, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிற காவடிக் கூட்டம். அவர்களுக்குப் போகிற இடம் தெரியும், பாடிக்கொண்டே போவார்கள். இன்னொன்று, கல்லூரியில் சேர வருகிற பிள்ளைகள். தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் பெயர் எழுதியிருக்கும். தலையணையை மெத்தையோடு சுருட்டி நைலான் கயிறு போட்டிருப்பார்கள். கூட வந்த அப்பா மறு வண்டிக்குத் திரும்பும்வரை தைரியமாக நிற்பார்கள். வண்டி கிளம்பியதும் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்.

தன்பாத் ஆலப்புழை எக்ஸ்பிரஸில் வந்த பையனை உனக்கு நினைவிருக்கிறதா? நீ அப்போது ஆறாம் வகுப்பு. கூட யாரும் வரவில்லை. மூட்டையின் மேல் உட்கார்ந்து, முகவரி எழுதிய தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். மடிப்பில் மை கலைந்து கல்லூரிப் பெயரே பாதி போய்விட்டது. என் இந்தியோ ரயில்வே இந்தி: "சாமான்", "ரசீது", "கல் ஆனா" (நாளை வா), அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிந்ததும் அவனைப் பாகாயம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். வழியில் அவன் கேட்ட முதல் கேள்வி, பக்கெட் எங்கே கிடைக்கும் என்பது. இரண்டாவது, பூட்டு. மூன்றாவது, இந்த ஊரில் சப்பாத்தி உண்டா. கடவுளைப் பற்றி அவன் என்னிடம் கேட்க நான்கு மாதம் ஆனது. அதையும் நம் வீட்டுக் கிணற்றடியில் தட்டுக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிட்டதில்தான் நம் வீட்டுப் பந்தி தொடங்கியது. முதல் வாரம் அவனோடு இரண்டு பேர். அடுத்த வாரம் பதினொரு பேர் வந்து சோறு போதாமல், அம்மா பாதிப் பேருக்கு உப்புமா கிண்டினாள். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல். அதற்கு வெகு காலம் முன்பே, ஜார்க்கண்டுக்காரனும் நாகாலாந்துக்காரனும் அந்தக் குழம்பை மூன்றாம் முறை கேட்டு வாங்கியதைப் பார்த்தவர்கள் நாம். பதிலுக்கு நாகா பிள்ளைகள் ஒருநாள் புளிக்கவைத்த சோயாவைக் கொண்டுவந்து நம் அடுப்பில் சமைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "உங்கள் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டதா?" என்று மரியாதையாக விசாரித்தார். அம்மா அவரையும் உட்காரவைத்து ஒரு கிண்ணம் கொடுத்தாள்.

முதல் பதினைந்து நாள்தான் கண்ணு, அந்தப் பிள்ளைகள் திறந்து கிடக்கிற காலம். யார் பக்கத்தில் உட்காருகிறார்களோ அவர்களோடு மூன்று வருடம் போய்விடும். அதனால் அவசரம் என்று நீ சொல்வது சரி. ஆனால் திறந்து கிடக்கிற வீட்டுக்குள் செருப்போடு நுழையக் கூடாது.

நான் அப்படி நுழைந்தவன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. கரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், நெற்றியில் எப்போதும் திருநீறு. அவனை நண்பர்கள் அழைத்து வந்தார்கள். நான்கு ஞாயிறு வந்தான், அம்மாவோடு பழகினான், தேங்காய் துருவிக் கொடுப்பான். நான்காவது ஞாயிறு கை கழுவிவிட்டு வந்தவனிடம் ஒரு கைப்பிரதியை நீட்டி, விக்கிரகங்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அவன் மறுத்துப் பேசவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, "வருகிறேன் அங்கிள்" என்று போனான். பிறகு வரவே இல்லை. அன்று ராத்திரி அம்மா சொன்னாள்: "சோற்றுக்கு ரசீது கேட்டீர்கள்."

நம் ஊரிசு கல்லூரியில் 1900-களின் தொடக்கத்தில் ராதாகிருஷ்ணன் படித்தார் என்று உனக்குத் தெரியும், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். திருப்பதியில் மிஷன் பள்ளி, இங்கே ஊரிசு, பிறகு சென்னை கிறித்துவக் கல்லூரி என்று அவர் படித்ததில் பெரும்பகுதி மிஷன் நிறுவனங்களில்தான். கிறிஸ்தவர்கள் இந்து சமயத்தைக் குறைகூறியதைக் கேட்டுக் கேட்டுத்தான் அதை ஆழமாகப் படிக்கத் தலைப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். நாட்டுக்கு ஒரு தத்துவ அறிஞர் கிடைத்தார், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு பதினேழு வயதுப் பையனின் காதில், அவன் அம்மா கும்பிடுகிற சாமியை இளப்பமாகப் பேசினால் அவன் மனம் என்ன பாடுபடும் என்று அந்த ஆசிரியர்களில் யாராவது யோசித்தார்களா? நான் யோசிக்கவில்லை. உன் கைப்பிரதியில் நான்காம் பக்கத்தை இன்னொரு முறை படித்துப் பார். அதை எடுத்துவிடு என்பேன்.

இன்னொன்று, விடுதி. வார்டன் அனுமதியில்லாமல் உள்ளே போகாதே, உன் பிள்ளைகளையும் அனுப்பாதே. ஒருமுறை நம் ஆட்கள் இருவர் ராத்திரி ஒன்பது மணிக்கு முதலாண்டு அறைக் கதவைத் தட்டி, "தம்பி, ஜெபத்துக்கு வா" என்றிருக்கிறார்கள். பையன் ராகிங் என்று நினைத்து நடுங்கிவிட்டான். தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக 1997-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் பயம் சட்டத்தைப் படித்துவிட்டா வருகிறது? தெரியாத சீனியர் சிரித்துக்கொண்டு வந்தாலே புதிய பிள்ளைக்கு வயிறு கலங்கும். அந்த வருடம் முழுவதும் எங்களுக்கு அந்த விடுதியின் கதவு அடைத்தே கிடந்தது. வார்டன் செய்தது நியாயம். பகலில், வெளியே, நாலு பேர் பார்க்கக் கூடும் இடத்தில் பேசு. பெண்கள் விடுதிக் கதவு எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று முதலில் விசாரித்துக்கொண்டு கூட்டத்துக்கு நேரம் குறி. ஆறரைக்குச் சாத்துகிற ஊரில் ஆறு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெண் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று குறைப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேச்சாளர் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. வேண்டாம். 1954-ல் தொடங்கிய யூ.இ.எஸ்.ஐ. என்ற கிறிஸ்தவ மாணவர் அமைப்பு இத்தனை வருடம் நின்றதற்கு, மாணவர்களே நடத்த வேண்டும் என்று அது பிடித்த பிடிவாதம் பெரிய காரணம் என்பது என் எண்ணம். இரண்டாம் வருடப் பெண் தடுமாறித் தடுமாறிப் பத்து நிமிடம் பேசட்டும். நீ பின்னால் உட்கார்ந்து டீ டம்ளரை எண்ணு. எனக்கு அது கடினமாகத்தான் இருந்தது. மைக் கண்ட சபை மூப்பர் நான்.

பாட்டு விஷயத்தில் மட்டும் கவனம். நம் மாணவர் ஐக்கியத்தில் ஒரு வருடம் எல்லாம் ஆங்கிலப் பாட்டாகிவிட்டது. குடியாத்தத்துப் பக்கம் லுங்கி நெய்கிற ஒரு தறிக்காரர் மகள், தமிழ் மீடியத்தில் படித்து, அவள் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாயைப் பார்த்து, அரை நொடி தள்ளி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாரம் அம்மாதான் கவனித்தாள். அடுத்த வாரம் அவளையே ஒரு கீர்த்தனை பாடச் சொன்னோம். மேசையில் தாளம் தட்டிக்கொண்டு பாடினாள், ஜன்னல் கம்பி அதிர்ந்தது. ஆங்கிலப் பாட்டுக்காரர்கள் எல்லாரும் உதட்டை மட்டும் அசைத்தார்கள். அங்கே உனக்கு மராத்தி மீடியத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்று பார்.

பண உதவி கேட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். மெஸ் முன்பணம் கட்ட முடியாமல் இரண்டு நாள் பன்னும் டீயும் குடித்துக் கிடந்தவனை எனக்குத் தெரியும். முடிந்தால் கொடு. ஆனால் கொடுத்த வாரத்தில் அவனைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதே, வராவிட்டால் ஏன் என்று கேட்காதே. அறிக்கையிலும் எழுதாதே. நம் கமிட்டி ஒன்றில் ஒருவர், சாப்பிட வந்தவர்களில் எத்தனை பேர் இயேசுவை ஏற்பதாகத் "தீர்மானம்" எடுத்தார்கள் என்று மாதாமாதம் எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஒருமுறை, அந்த மாதம் எட்டு கிலோ அரிசி என்று எழுதிக் கொடுத்தாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ வங்கி வேலையை விட்டது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. சபையில் யாராவது உன்னைப் பற்றி விசாரித்தால் "புனேயில் இருக்கிறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. நேற்று நான் கடைத்தெரு போய்த் திரும்பியபோது, பத்து லிட்டர் குக்கரைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இந்த முழங்காலோடு எப்படி ஏறினாள் என்று கேட்டேன், பதில் இல்லை. "அவளிடம் மூன்று லிட்டர்தான் இருக்கிறது, அதில் எத்தனை பேருக்குப் போடுவாள்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை புனே வண்டியில் பார்சல் போடுகிறேன். குக்கர், அதற்குள் பருப்புப்பொடி இரண்டு பாட்டில், எள்ளுப்பொடி ஒன்று, பழைய சேலையில் சுற்றிய எட்டு எவர்சில்வர் தட்டு. சாக்குத் தைத்து மார்க்கா நானே எழுதியிருக்கிறேன், மை கலையாது. ரசீதை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. கேஸ்கெட் புதிது, ஆனால் விசில் கொஞ்சம் இறுக்கம். மூன்றாவது சத்தத்துக்குக் காத்திருக்காதே, இரண்டிலேயே இறக்கிவிடு.

அன்புடன்,
அப்பா