வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை முதலாளிமாருக்கு: சோற்றைக் குறையுங்கோ, கறியைக் குறைக்காதேயுங்கோ

வணக்கம் முதலாளிமாரே,

காலி வீதியிலும் அதிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும் கடை நடத்தும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதுகிறேன். யாரோடும் சண்டை இல்லை, சண்டை பிடித்தால் இரவுச் சாப்பாட்டுக்கு நான் எங்கே போவது? கொழும்புக் கோட்டையில் வேலை முடித்து பஸ்ஸில் தொங்கி வந்து சேரவே ஆறு மணி தாண்டிவிடும், அப்புறம் பிள்ளைகளின் டியூஷன், வீட்டுப்பாடம். இப்படி ஓடும் வீடுகளுக்குக் கிழமையில் பாதி நாள் குசினி உங்கள் கடைதான்.

கேட்பது ஒன்றே ஒன்று. சோறு பாதி, கறி முழுசாக ஒரு பார்சல் கட்டித் தாருங்கள்.

அரைப் பார்சல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதில் எல்லாமே அரை. முழுப் பார்சலிலேயே முருங்கையிலை வறை ஒரு கரண்டிதான், அரையில் அது ஒரு நுள்ளாகிவிடும். எனக்குக் குறைய வேண்டியது சோறு மட்டும். ஒருநாள் முழுப் பார்சலைப் பிரித்து வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், சோறு மட்டும் அரைக் கிலோவை நெருங்கியது. அவித்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரி, ஆக சோற்றிலேயே 650 கலோரி வரும். பொரித்த கத்தரிக்காயும் தேங்காய்ப்பால் பருப்பும் அப்பளமும் அதற்கு மேலே. நாள் முழுக்கக் கதிரையில் இருக்கும் எனக்கு எதற்கு இவ்வளவு?

கொஞ்சம் சதை போட்டால் என்ன என்று கேட்கும் அண்ணைமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் கணக்கு வேறு. உலக சுகாதார நிறுவனம் ஆசியர்களுக்குச் சொல்லும் அளவில் உடல் நிறைச் சுட்டி (BMI, உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் எண்) 23 ஐ எட்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவும் அப்படித்தான், தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. கை கால் மெலிவாக, வயிறு மட்டும் முன்னுக்கு வந்து, பிறகு ஒருநாள் இரத்தப் பரிசோதனையில் சீனி வருத்தம் என்று தெரிய வரும் ஆட்கள் நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

வீட்டில் சமைக்கலாமே என்றும் சிலர் சொல்வார்கள். ஞாயிறு பின்னேரம் சமைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன், அது கிழமையின் நடுவோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு கொத்துரொட்டி. பிள்ளைகள் மிச்சம் வைக்கும் கொத்தை யார் சாப்பிடுவது என்று தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள்! கொட்ட மனம் வராது, எங்கள் வயிற்றுக்குள்தான் போகும்.

உங்கள் பக்கமும் எனக்கு விளங்காமல் இல்லை. 2022 இல் எல்லாமே விலை ஏறியபோது ஒரு பார்சலை நிறைவாகக் காட்ட மலிவான வழி சோறுதான், மரக்கறிக்கு அப்போதிருந்த விலையில் வேறு என்ன செய்வது? அதனால்தான் சொல்கிறேன், விலையைக் குறைக்க வேண்டாம். முழுப் பார்சலின் காசையே எடுங்கள், குறைத்த சோற்றுக்குப் பதிலாக வறையும் வல்லாரைச் சம்பலும் இன்னொரு கரண்டி கூட வையுங்கள். வசதியான ஆட்கள் இருக்கும் கொழும்பு ஏழில் இலையும் தழையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, நான் ஒரு கிழமைக்கு மரக்கறி வாங்கும் காசைக் கேட்கிறார்கள். அதைவிட நல்ல சாமான் உங்கள் சட்டியில் கிடக்கிறது, என்ன, அள்ளிப் போடும் கரண்டிதான் சின்னது.

தேத்தண்ணியையும் சொல்லிவிடுகிறேன். 'சீனி குறைய' என்றால் இரண்டு கரண்டி என்று எந்தத் தம்பி உங்கள் கடைப் பெடியளுக்குப் பழக்கினாரோ தெரியாது. உங்கள் ஃபிரிட்ஜில் நிற்கும் சோடாப் போத்தல்களில் 2016 முதல் நிற அடையாளம் இருக்கிறது, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. என் சின்னவள் அதைப் பார்த்துத்தான் எடுக்கிறாள் (சிவப்பென்றால் திருப்பி வைக்கிறாள் என்று சொல்ல மாட்டேன்). 100 மில்லிலீற்றர் பிடிக்கும் ஒரு சின்னக் கிளாஸ் தேத்தண்ணிக்கு மூன்று தேக்கரண்டி போட்டால் ஏறக்குறைய 12 கிராம், அதற்கும் சிவப்புத்தான் ஒட்ட வேண்டும். சீனியைத் தனியாக ஒரு போத்தலில் மேசையில் வைத்தால் போதும், வேண்டியவர் போட்டுக்கொள்வார்.

வெள்ளிக்கிழமையில் தொடங்கிப் பாருங்கள். அன்றைக்கு எங்களில் பலருக்கு மரக்கறிதான், உங்களுக்கும் வறை, கீரை, குழம்பு என்று கறி நிறைய இருக்கும். பெயர் எதுவும் வேண்டாம், 'சோறு பாதி, கறி முழுசு' என்று விலையோடு பலகையில் எழுதிவிடுங்கள். அதை வாய்விட்டுக் கேட்டால் "என்ன அக்கா, டயட்டா?" என்று காசுமேசையில் இருப்பவர் கடை முழுக்கக் கேட்கச் சிரிக்கிறார், பலகையில் இருந்தால் விரலால் காட்டிவிட்டு நிற்கலாம்.

இப்படிக்கு,
டியூஷன் விடும் நேரத்தில் வரிசையில் நிற்கும் ஒரு தாய்