பாடநூல் எழுதுவோருக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வரலாற்றுப் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். ஆங்கிலேயரின் வணிகக் கொள்கையை விளக்கும்போது, 1819-இல் ராஃபிள்ஸ் தொடங்கிய தீர்வையற்ற சிங்கப்பூர்த் துறைமுகத்தோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அங்கே தீர்வை கேட்காத அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான், 1844 வரை சென்னை மாகாணத்தின் உள்நாட்டு வழிகளில் சாவடி வைத்துச் சுங்கம் வாங்கியது.

அந்தச் சுங்கம் எப்படி ஏறியது என்பதை 1835-இல் கம்பெனியை மேற்பார்த்த பிரிட்டிஷ் அரசு வாரியத்தின் தலைவரான எல்லன்பரோ பிரபுவே கணக்கிட்டுக் காட்டினார். இங்கிலாந்துத் துணி 2.5 சதவீதம் கட்டிவிட்டு உள்ளே வந்தது. இந்தியத் துணியோ பஞ்சுக்கு 5, நூலுக்கு 7.5, துணிக்கு 2.5, வெள்ளைத் துணி என்று ‘ரவானா’ எனும் வழிச்சீட்டு வாங்கிய பிறகு சாயம் தோய்த்தால் மேலும் 2.5 என்று, மொத்தம் 17.5 சதவீதத்தைச் சுமந்தது. (விகிதம் மாகாணத்துக்கு மாகாணம் மாறியது உண்மை.) சாயம் தோய்த்தே சுங்குடிக்குப் பேர் வாங்கிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கடைசி 2.5 உறுத்தாமல் இராது.

விகிதத்தைவிடச் சோதனைதான் பெருந்தொல்லை. மூட்டையைப் பிரித்து, உருப்படியையும் நிறத்தையும் சீட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஒன்று முரண்பட்டாலும் சரக்கு நின்றுவிடும். வண்டிக்காரனுக்கும் மாட்டுக்கும் தீனி போட்டுக்கொண்டு காத்துக் கிடப்பதைவிட, சேவகன் கையில் எதையாவது வைத்துவிட்டு நடையைக் கட்டுவதே வணிகனுக்குக் கட்டுப்படியாகும்.

சிங்கப்பூரில் துறைமுகக் கட்டணம் விதிக்கக் கல்கத்தா அரசு முனைந்தபோது அங்கிருந்த ஐரோப்பிய வணிகர்கள் கூடி எதிர்த்தார்கள். லண்டன் வரைக்கும் மனுப் போட்டார்கள். நம் நெசவாளிக்கு அந்தச் செல்வாக்கு ஏது? 1844-இல் உள்நாட்டுச் சுங்கத்தை எடுத்தபோதும் அரசு தன் வருவாயை விட்டுக்கொடுத்துவிடவில்லை. உப்பின் விலையை ஏற்றி ஈடுகட்டிக்கொண்டது. துணி வியாபாரியிடம் வாங்கியதைக் கஞ்சிக்கு உப்புப் போடுகிறவனிடம் வாங்கினார்கள்.

முதலாம் குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று படிக்கிற பிள்ளைகளுக்கு, கம்பெனி தவிர்த்த சுங்கமும் அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் தெரிய வேண்டாமா? சிங்கப்பூர் வரும் பாடத்திலேயே 1844-க்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். எல்லன்பரோவின் கணக்கை அட்டவணையாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஜவுளி வணிகர் ஒருவர்,
மதுரை.