விலையைக் குறைக்கக்கூட அனுமதி கேட்ட ரயில்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க ரயில்வே கம்பெனிகள் நொடித்த கதையைச் சென்ற இதழில் படித்தேன். 1956ல் அதிபர் ஐசன்ஹோவர் நெடுஞ்சாலைச் சட்டம் கொண்டுவந்தார், 41,000 மைலுக்குத் திட்டம் போட்டார்கள், செலவில் 90 சதவீதம் மத்திய அரசு கொடுத்தது, லாரி வந்தது, ரயில் படுத்தது என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். சாலை விஷயம் சரிதான். ஆனால் கூட்ஸ் ஷெட்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு மீதிக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1887ல் ரயிலுக்குப் போட்டியே கிடையாது, கம்பெனிகள் வைத்ததுதான் விலை. அவற்றை அடக்க, ரயில் கட்டணத்தைக் கண்காணிக்கும் இன்டர்ஸ்டேட் காமர்ஸ் கமிஷன் என்ற அரசு அமைப்பை ஏற்படுத்தினார்கள், அன்றைக்கு அது தேவைதான். 1950களில் லாரியும் ஆற்றுப் படகும் ரயிலின் சரக்கை அள்ளிக்கொண்டு போகும்போதும் அதே கமிஷன், அதே கெடுபிடி. இதில் வேடிக்கை என்னவென்றால், 1935ல் லாரிகளையும் கமிஷனுக்குக் கீழே கொண்டுவந்தபோது விளைபொருள் ஏற்றும் லாரிக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள், தானியம் மாதிரி மொத்தச் சரக்கு ஏற்றும் படகுக்கும் அப்புறம் விலக்கு கிடைத்தது. ஆக, மக்காச்சோளம் ஏற்றுகிற லாரிக்காரர் காலையில் ஒரு வாடகை, சாயங்காலம் ஒரு வாடகை பேசலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ரயில்காரன் மட்டும் கட்டணத்தை ஏற்றுவதற்கும் சரி, இறக்குவதற்கும் சரி, கமிஷன் வாசலில் போய் நிற்க வேண்டும்.

இறக்குவதற்குமா என்று நம்பாதவர்கள் அமெரிக்காவின் சதர்ன் ரயில்வே கம்பெனி 'பிக் ஜான்' என்ற தானிய வேகனுக்காக நடத்திய வழக்கைப் பார்க்கட்டும். அதுவரை தானியம் போனது சாதாரண மூடு வேகனில். கதவு வழியாகக் கொட்டிப் போகாமல் இருக்க உள்பக்கம் பலகை அடிக்க வேண்டும், இறக்கும் இடத்தில் அதைப் பிடுங்க வேண்டும், மிச்சத்தை ஆள்விட்டு அள்ள வேண்டும். (மூடு வேகனில் சரக்கு இறக்குவதை நின்று பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு நேரம் தின்னும் என்று புரியும்.) சதர்ன் ரயில்வே அலுமினியத்தில் சுமார் 100 டன் கொள்ளும் இந்த 'பிக் ஜான்' வேகனைச் செய்தது. மேல் மூடியைத் திறந்து கொட்டலாம், அடியைத் திறந்தால் தானாக இறங்கிவிடும். செலவு குறைகிறதே, 1961ல் கட்டணத்தைச் சுமார் 60 சதவீதம் குறைக்கிறோம், மொத்தமாகப் பல வேகன் பதிவு செய்கிறவர்களுக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். தென்கிழக்கு மாநிலங்களில் கோழிப்பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்த நேரம், தீவனம் மலிவாகக் கிடைத்தால் கசக்குமா? கமிஷனோ அதை நிறுத்திவைத்தது. டென்னசி ஆற்றுப் படகுக்காரர்கள் எங்கள் பிழைப்பு போய்விடும் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். நிறுத்திவைக்கச் சட்டம் தந்த ஏழு மாதத்தை நீதிமன்றம் நீட்டிக்க முடியாது என்று 1963ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், இந்தக் குறைப்பு ஆகாது என்றுதான் கமிஷன் உத்தரவு போட்டது. அதன்மேல் மறுபடி கோர்ட், மறுபடி கமிஷன் என்று அலைந்து, ஒருவழியாக அனுமதி கிடைக்கும்போது 1965 ஆகிவிட்டது. வாடிக்கையாளரிடம் குறைவாக வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல நாலு வருஷம்!

கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றும் யோக்கியம் இல்லை. நீராவி போய் டீசல் வந்த பிறகும் எஞ்சினில் கரி போட்டுத் தீ வளர்க்கும் ஃபயர்மேன் உட்கார்ந்திருந்தார், அவருக்கு அங்கே தீயே கிடையாது. அவரை எடுக்க வேண்டும் என்று கம்பெனிகளும், கூடாது என்று சங்கங்களும் மல்லுக்கட்டின. அந்தச் சண்டையைத் தீர்க்க 1963ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசே சட்டம் போட வேண்டி வந்தது. பென் சென்ட்ரல் சமாச்சாரமும் அப்படித்தான். 1968 பிப்ரவரியில் பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் என்ற இரண்டு ஜாம்பவான் ரயில் கம்பெனிகள் இணைந்து பென் சென்ட்ரல் ஆயின, 1970 ஜூனில் திவால். கட்டுரையாளர் இதையும் லாரி கணக்கில் எழுதிவிட்டார், ஆனால் ஒரு கம்பெனி கம்ப்யூட்டரோடு இன்னொன்றின் கம்ப்யூட்டர் பேசாமல் வேகன்கள் யார்டுகளில் காணாமல் போனதற்கு லாரி என்ன செய்யும்?

1980ல் ஸ்டேகர்ஸ் சட்டம் வந்து கட்டணக் கட்டுகளைப் பெருமளவு தளர்த்திய பிறகு அதே சரக்கு ரயில்கள் எழுந்து நின்றன. லாரி அப்போதும் இருந்தது, நெடுஞ்சாலையும் இருந்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று, கட்டுரையோடு போட்டிருந்தது பயணிகள் ரயில் படம். சரக்கைப் பற்றி எழுதுகிற இடத்தில் ஒரு வேகன் படம்கூடவா கிடைக்கவில்லை?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்ஸ் கிளார்க் ஒருவர்