பிள்ளையார் சுழி போடாத கடிதம்

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுவது. தாளின் தலைப்பில் பிள்ளையார் சுழி இல்லாததை நீ முதலில் கவனித்திருப்பாய். ஐம்பது வருடப் பழக்கத்தில் பேனா தானாகவே அந்த இடத்தில் போய் நின்றது, நான்தான் எடுத்துவிட்டேன். மேலப்பாளையத்தில் முஸ்லிம்கள் பலர் அங்கே 786 என்று எழுதுகிறார்கள். அதையும் நான் எழுதவில்லை. உனக்கு எழுதும் தாளில் அந்த இடம் இப்போதைக்குச் சும்மா இருக்கட்டும்.

பேத்தி மீனாவின் கல்யாண அழைப்பிதழைப் பேட்டை அத்தை தன் கைப்பேசியில் காட்டினார்கள். அச்சு மிக நன்றாக வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் தாத்தா, பாட்டி இருவர் பெயரும் இருக்கின்றன, நம் பக்கத்தில் காலஞ்சென்ற என்று போட்டு உன் அப்பாவின் பெயர் மட்டும் இருக்கிறது. இடம் போதாமல் விட்டுப்போயிருக்கும். அச்சகத்துக்காரர்கள் அவசரத்தில் எதையாவது விட்டுவிடுவது புதிதல்ல, உன் கல்யாணப் பத்திரிகையில் உன் பெரியப்பாவின் பட்டத்தை விட்டுவிட்டார்கள், அவர் மூன்று மாதம் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதைச் சொல்வதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நீங்கள் வரும்போது மதுரை விமான நிலையத்தில் இறங்கி, இரவோடு இரவாகக் கார் பிடித்து வரவேண்டாம் என்று சொல்லத்தான் முதலில் உட்கார்ந்தேன். நான்குவழிச் சாலை என்றாலும் விடியற்காலையில் ஓட்டுநர் கண் அயர்ந்துவிடுவார். ஓர் இரவு மதுரையிலேயே தங்கிவிட்டு வா. உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது.

அத்தை இன்னொன்றும் கேட்டார்கள், கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அத்தையாகக் கேட்டதா, மெல்போர்னிலிருந்து யாராவது கேட்கச் சொன்னதா என்று நான் விசாரிக்கவில்லை. “மதினி, மண்டபத்துக்கு எந்த உடுப்பில் வருவீர்கள்?” என்பதுதான் கேள்வி. அதற்கான பதிலை உனக்கு நேராகவே எழுதிவிடுவது நல்லதென்று நினைக்கிறேன்.

கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்த முதல் வருடம் முழுவதும் நான் கறுப்பு புர்காதான் போட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, புதிதாகச் சேர்ந்த மாணவி சீருடையில் காட்டும் கண்டிப்பு அது என்று இப்போது தெரிகிறது. அறுபத்தொன்பது வயதில் வந்தவள் அரைகுறையாக வந்தாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பும் இருந்தது. பங்குனி வெயிலில் பாளையங்கோட்டைச் சந்தையில் அதற்குள் வியர்த்து நின்றபோது, இதை அல்லாஹ்வுக்காகப் போட்டிருக்கிறேனா, அடுத்த வீட்டு பாத்திமுத்து பார்ப்பாள் என்பதற்காகவா என்று என்னையே கேட்டேன். எனக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை.

எங்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமாவுக்கு இருபத்தாறு வயதுதான். அந்தப் பெண்தான் குர்ஆனில் அந்நூர் அத்தியாயத்தின் 60ஆவது வசனத்தை எடுத்துக் காட்டியது. இனித் திருமணத்தை நாடாத முதிய பெண்கள், அலங்காரத்தை வெளிக்காட்டாமல் தங்கள் மேலாடையைக் களைந்து வைத்தால் அவர்கள்மீது குற்றமில்லை என்று அதில் இருக்கிறது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் வசனம் அதோடு முடியவில்லை. அதையும் தவிர்த்துப் பேணிக்கொள்வது அவர்களுக்கு நல்லது என்று தொடர்கிறது. முப்பத்தாறு வருடம் தமிழ் இலக்கணம் நடத்தியவளால் ஒரு வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. பல நாள் யோசித்துவிட்டு, புர்காவை மடித்து அலமாரியில் வைத்தேன். சேலையும், முழுக்கை ரவிக்கையும், தலையில் முக்காடும் போதும் என்று முடிவு செய்தேன். தொழும்போது மக்கனா என்ற வெள்ளைத் தலைத்துணியைப் போட்டுக்கொள்கிறேன். முழங்கால் மடங்காததால் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். இதில் எனக்கு இரண்டு பக்கமும் பேச்சு உண்டு. மேலப்பாளையத்தில் சிலர் ஈமான், அதாவது இறைநம்பிக்கை, இன்னும் பிடிக்கவில்லை என்கிறார்கள், நம் உறவில் சிலர் முக்காட்டைப் பார்த்ததும் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறார்கள்.

உன் பூட்டியை உனக்கு நினைவிருக்காது. என் ஆச்சி பத்தொன்பது வயதில் தாலியறுத்தவர்கள், எண்பத்து மூன்று வயதில் கண்மூடும்வரை வெள்ளைச் சேலையும் முக்காடுமாகத்தான் இருந்தார்கள். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, முக்காட்டு விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, தாலி கட்டும் சத்தத்தை மட்டும் கேட்பார்கள். அந்த முக்காட்டை நம் வீட்டில் ஒருவரும் கேள்வி கேட்டதில்லை, அது குடும்பத்தின் மரியாதை என்றார்கள். அறுபத்து நான்கு வருடம் ஆச்சி தலையில் இருந்த துணிக்கு இல்லாத விசாரணை என் தலையில் இருக்கும் துணிக்கு ஏன் வருகிறது என்று பேட்டை அத்தையிடம் கேட்டேன். அத்தை பதில் சொல்லாமல் காப்பி போட எழுந்து போய்விட்டார்கள்.

உன் அப்பா போன மறுவருடம், என்னிடம் பத்தாம் வகுப்புத் தமிழ் படித்த ஒரு பெண்ணுக்கு மேலப்பாளையத்தில் கல்யாணம். அவள் அம்மா மடியில் பீடித் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டே என் பாடத்தைப் பக்கத்தில் இருந்து கேட்பவள். அன்றைக்கு மணப்பெண்ணுக்குச் சந்தனம் பூச வரிசை நின்றபோது நான் வழக்கப்படி சுவரோரம் ஒதுங்கினேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்து, கிண்ணத்தை முதலில் என்னிடம் கொடுத்தாள். நான் கணவனை இழந்தவள் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. அங்கும் கணவன் இறந்தால் இத்தா என்று ஒதுங்கி இருக்கவேண்டும், நான்கு மாதம் பத்து நாள் என்று கணக்கு. ஆனால் அந்தக் கணக்குக்கு ஒரு முடிவு இருக்கிறது. ஆச்சியின் கணக்குக்கு முடிவே இருக்கவில்லை.

அப்பாவை மயானத்துக்கு எடுத்துப்போக வந்த பையன்களுக்கு நன்றிக்கடனாக நான் மாறிவிட்டேன் என்று சங்கரன்கோவில் சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படியில்லை. ஓய்வு பெற்ற 2011இலிருந்து அந்தத் தெருக்களில் பாடம் நடத்தப் போய்வந்து, தமிழில் குர்ஆனை இரண்டு முறை படித்து முடித்தபோது அப்பா உயிரோடு இருந்தார். சாய்வு நாற்காலியில் இருந்தபடி, “காந்திமதிக்கு இப்போது புதுப் பாடத்திட்டம்” என்று கேலி செய்வார். சித்தப்பா இன்னொன்றும் சொல்கிறார், வீட்டை ஜமாஅத் எடுத்துக்கொண்டுவிடும் என்று. அவர் சொல்லி நீ நம்பியிருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். முஸ்லிம் சட்டப்படி முஸ்லிம் அல்லாத பிள்ளைக்கு வாரிசுரிமை வராது, உயில் எழுதினாலும் மூன்றில் ஒரு பங்கோடு நிற்கும் என்று வக்கீல் சொன்னதால், கலிமா சொல்வதற்கு இரண்டு மாதம் முன்பே வீட்டை உன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்துவிட்டேன். பத்திரம் அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இதை நான் இவ்வளவு நாள் உனக்குச் சொல்லவில்லை, நீ கேட்கவும் இல்லை. கேட்காத பிள்ளை என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கடைசி மூன்று மாதமாக நீ எதையுமே கேட்கவில்லை, தீபாவளிக்குக்கூட ஒரு படம் மட்டும்தான் அனுப்பினாய்.

உடுப்பைப் பற்றித் தொடங்கினேன். மண்டபத்துக்குச் சேலையில்தான் வருவேன். அப்பா என் பணி நிறைவுக்கு எடுத்துக்கொடுத்த இலைப்பச்சைப் பட்டு. புர்கா போடமாட்டேன், மருமகள் புகைப்படங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் முக்காடு இருக்கும். அதை மட்டும் எடுக்கச் சொல்லாதே, உனக்காகக்கூட எடுக்கமாட்டேன்.

இப்படி எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுதியது பொய். உனக்காக நான் அதை எடுத்திருக்கிறேன், ஒருமுறை இருமுறை அல்ல.

2022 கார்த்திகையில் கலிமா சொன்னேன். ஏழு மாதம் உன்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ காணொளியில் அழைக்கும் நேரம் எனக்குத் தெரியும், மணி அடித்ததும் முக்காட்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீறும் இட்டுக்கொண்டு பேசுவேன். பேசி முடித்ததும் முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி முக்காட்டை இழுத்துவிடுவேன். ஒருநாள் லுஹர் தொழுது எழுந்த வேகத்தில் மக்கனாவோடு எடுத்துவிட்டேன். “தலையில் என்னம்மா?” என்று கேட்டாய். “இப்போதுதான் குளித்தேன்” என்றேன். நீ உடனே, “ஈரத்தலையோடு மின்விசிறிக்குக் கீழே நிற்காதே” என்றாய். ஐயா, நீ அந்த அக்கறையோடு சொன்ன சொல்தான் இன்றுவரை என்னைத் தைக்கிறது. பொய் சொல்லக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் போதித்த ஆசிரியை, ஒரே முகத்தில் இரண்டு பொய்யை வைத்துக்கொண்டு உன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரம் கழித்து அத்தை மூலம் நீ தெரிந்துகொண்டாய். நான் மாறியதில் தவறு செய்ததாக நினைக்கவில்லை, அதற்கு உன்னிடம் மன்னிப்பும் கேட்கமாட்டேன். மறைத்தது தவறு. நீ தாங்கமாட்டாய் என்று அத்தையிடம் காரணம் சொன்னேன், உண்மையில் உன் முகத்தைப் பார்க்கும் தைரியம்தான் எனக்கில்லை.

அன்றைக்கு நீ தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய். “அப்பாவுக்குத்தான் முடியவில்லை, உனக்காவது...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் தொலைபேசியை வைத்துவிட்டாய். இணைப்பு சரியில்லை, கேட்கவில்லை என்று மறுநாள் செய்தி அனுப்பினேன். எனக்கு நன்றாகவே கேட்டது.

2021 மே மாதம் கொரோனாவால் ஆஸ்திரேலியா கதவைச் சாத்திவைத்திருந்தது, நீ வெளியேறவே அனுமதி வாங்கவேண்டும், போனால் திரும்ப முடியுமா என்பதும் தெரியாது. அப்பாவை உறைபோட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். உறவுக்காரர் ஒருவரும் வரவில்லை. மேலப்பாளையத்துப் பையன்கள் நான்கு பேர் கவச உடையில் வந்து, “அம்மா, உங்கள் வழக்கத்தில் தலையை எந்தப் பக்கம் வைக்கவேண்டும்?” என்று கேட்டார்கள், தெற்கு என்றேன். சிந்துபூந்துறையில் மயானத் தொழிலாளி கற்பூரம் ஏற்றியதை அவர்களில் ஒருவன் கைப்பேசியில் உனக்குக் காட்டினான். திரையில் நீ சட்டையில்லாமல், ஈர வேட்டியோடு, உன் வீட்டுக் குளியலறை வாசலில் நின்றிருந்தாய். தலைமகன் கொள்ளி வைக்காமல் தகப்பன் போனான். தாய்க்காவது வைப்போம் என்று நீ உள்ளே வைத்திருந்தாய். நான் அதையும் இல்லாமல் செய்துவிட்டேன். கலிமா சொல்லும் முன்பு எத்தனையோ யோசித்தேன், வீட்டை யோசித்தேன், ஓய்வூதியத்தைக்கூட யோசித்தேன் (கருவூலத்தில் இன்றும் நான் காந்திமதிதான், மர்யம் என்று மாற்றவில்லை). உன் கையில் இருந்த அந்தக் கொள்ளியை மட்டும் யோசிக்கவில்லை.

மலையாளத்து மாதவிக்குட்டியின் கதைகளை ஒரு காலத்தில் நாம் இருவரும் மாறி மாறிப் படித்தோம். அவர் 1999 டிசம்பரில், அறுபத்தைந்து வயதில் இஸ்லாத்துக்கு வந்து கமலா சுரையா ஆனார். கறுப்புப் பர்தாவை விரும்பியே அணிந்தார். 2009 மே 31ஆம் தேதி புனேயில் இறந்தபோது, உடலைக் கேரளத்துக்குக் கொண்டுவந்து திருவனந்தபுரம் பாளையம் ஜும்ஆ பள்ளிவாசலில் அடக்கம் செய்தார்கள், பிள்ளைகள் உடனிருந்தார்கள். இதைச் சும்மா நினைவு வந்ததால் எழுதுகிறேன்.

சும்மா இல்லை. எங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுவிட்டேன். மகன் வந்து சந்தூக்கு என்னும் பாடையைத் தோளில் சுமக்கலாம், கபர்க்குழியில் மூன்று பிடி மண் போடலாம், எங்கள் மையவாடி இடுகாட்டில் யாரும் தடுக்கமாட்டார்கள் என்றார். அது கொள்ளிக்கு ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்புக்கே வரலாமா, இல்லை முகூர்த்தத்துக்கு வந்தால் போதுமா என்பதை மட்டும் சொல். பழைய பெயரைப் போட்டு அழைப்பிதழை மறுபடி அடிக்க வேண்டாம், செலவு. அப்படிப் போட்டிருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன், அதுவும் என் பெயர்தான். மதுரையில் ஓர் இரவு தங்கிவிட்டு வா. அலைச்சலில் வேளை தவறாமல் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூப்பிடு, உனக்கு அப்போது மதியம் பன்னிரண்டரை. இந்தமுறை முக்காட்டோடுதான் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா