புது விண்டோஸ் போடுறதுக்கு முதல் கணக்கு ஆற்ற பேரில எண்டு கேளுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் குடுத்துக்கொண்டு வந்த சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சதில இருந்து திருகோணமலையில கொம்பியூட்டர் இருக்கிற வீடு வழிய ஒரே கதைதான், பழசு இனிச் சரிவராதாம், விண்டோஸ் 11 போடோணுமாம், இல்லாட்டி புது மெஷினே வாங்கோணுமாம் எண்டு. கிண்ணியா, மூதூர், நிலாவெளியில இருந்தெல்லாம் சனம் மெஷினைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வருது, காலமை குடுத்திட்டுப் பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு போகினம், என்ன போட்டது, எப்பிடிப் போட்டது எண்டு கேக்கிற ஆக்கள் குறைவு. நான் கனகாலமா டைப்செட்டிங் செய்யிறவன், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, 31ம் நாள் மலர் எண்டு என்ர பிழைப்பே கொம்பியூட்டரோடதான், அதால புது விண்டோஸ் வந்தா வீட்டில என்ன மாறும், எதில கவனமா இருக்கோணும் எண்டதை உங்கட பேப்பர் மூலமாச் சொல்லோணும் எண்டு எழுதுறன்.

முதல் விசயம், பதறத் தேவையில்லை. சப்போர்ட் முடிஞ்சா மெஷின் நிண்டுபோகும் எண்டில்லை, எப்பவும் போல ஒன் ஆகும், வேர்ட் திறக்கும், பிறின்ட் எடுக்கும். நிண்டது பாதுகாப்பு அப்டேட். அதுக்காக அதைச் சின்ன விசயமா எடுக்கவும் கூடாது, 2017 மே மாசம் வன்னாகிரை எண்ட வைரஸ் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி, கொம்பனி எண்டு பாக்காமப் பூந்து ஃபைலெல்லாத்தையும் பூட்டிப்போட்டுக் காசு கேட்டதே, அது பூந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச் மாசமே வந்திட்டுது, அதைப் போடாம விட்ட மெஷினுகள்தான் அம்பிட்டது. இப்ப உடன காசு செலவழிக்க ஏலாத ஆக்களுக்கு மைக்ரோசொஃப்டே ஒரு வழி வச்சிருக்கு, வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் 13 மட்டும் பாதுகாப்பு அப்டேட்டை நீடிச்சுத் தாற திட்டம். அதுக்கு 30 டொலர் கட்டலாம், இல்லாட்டி மெஷின்ர செட்டிங்ஸை மைக்ரோசொஃப்ட் கணக்கோட (ஈமெயிலும் பாஸ்வேர்ட்டும் குடுத்துத் திறக்கிறது) பேக்கப் பண்ண விட்டாக் காசில்லாமலே சேரலாம். மெஷினில இருக்கிறது விண்டோஸ் 10இன்ர கடைசி வேர்ஷனான 22எச்2 எண்டா செட்டிங்ஸுக்குள்ள விண்டோஸ் அப்டேட் பக்கத்திலயே அதுக்கான லிங்க் நிக்கும். கடையில தாங்களாச் சொல்லுறது குறைவு, நாங்கள்தான் கேக்கோணும்.

அடுத்தது, விண்டோஸ் 11 எல்லா மெஷினுக்கும் ஏறாது. 64 பிட் புரொசசர், 4 ஜிபி ரம், 64 ஜிபி இடம், அதோட டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப், மெஷின் எழும்பேக்க கள்ளப் புரோகிராம் ஓடாமப் பாக்கிற செக்கியூர் பூட் எல்லாம் கேக்கும், இன்டெல் எண்டா எட்டாம் தலைமுறையில இருந்துதான் பொதுவா எடுக்கும். லப்டொப்பில ஐ5 7200 எண்டு கிடந்தா அது ஏழாம் தலைமுறை, 8250 எண்டு கிடந்தா எட்டு. பாத்து விளங்கேல்லை எண்டா மைக்ரோசொஃப்டின்ர பிசி ஹெல்த் செக் எண்ட சின்ன புரோகிராமை இறக்கி ஓடவிடுங்கோ, ஏறுமோ ஏறாதோ, ஏறாட்டி எதால எண்டு அதுவே சொல்லும். சில மெஷினில டிபிஎம் உள்ளுக்க இருக்கும், பயோஸில, அதாவது விண்டோஸ் எழும்ப முதல் வாற மெஷின் செட்டிங்கில, ஓஃப் பண்ணிக் கிடக்கும், அதை ஒன் பண்ணினாக் காணும், அதுக்காக மதர்போர்ட் மாத்தோணும் எண்டு ஆராவது சொன்னா இன்னொரு இடத்திலயும் கேட்டுப்போட்டு முடிவெடுங்கோ. இந்தக் கட்டுப்பாட்டைச் சுத்திக்கொண்டு பழைய மெஷினுக்கும் 11ஐ ஏத்தித் தாற பொடியன்மார் இருக்கினம், கெட்டிக்காரர்தான், ஆனா அப்பிடிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் தருவம் எண்டு மைக்ரோசொஃப்ட் பொறுப்பெடுக்கிறதில்லை, அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவு பாடும். கோர் டூ டியோ எண்ட பழைய புரொசசர் காலத்து மெஷின் எண்டா 24எச்2, அதாவது விண்டோஸ் 11இன்ர 2024ம் ஆண்டு வேர்ஷன், எந்த வித்தையாலயும் ஏறாது. 4 ஜிபி ரம்மும் பழைய சுத்துற ஹார்ட் டிஸ்கும் இருக்கிற மெஷினுக்குப் போடலாம், ஆனா நிம்மதியா வேலை செய்ய ஏலாது, 8 ஜிபியும் எஸ்எஸ்டி எண்ட வேகமான டிஸ்கும் இருந்தாத்தான் உங்களுக்குப் பொறுமை மிஞ்சும். உங்களிட்ட இருக்கிறது ஒரிஜினல் விண்டோஸ் 10, மெஷினும் தகுதியானது எண்டா 11க்கு மாறக் காசே தேவையில்லை எண்டதையும் ஞாபகம் வச்சிருங்கோ.

பாக்கிறதுக்கு என்ன மாற்றம் எண்டா, ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு வந்திட்டுது, செட்டிங்ஸில இடப்பக்கம் கொண்டு போகலாம். ரைட் கிளிக் மெனு சுருங்கிப் போச்சு. வேர்ட்பாட் 24எச்2 ஓட இல்லை. இதெல்லாம் ஒரு கிழமையில பழகிப்போகும், இதுக்குப் பயந்து ஒருத்தரும் நிக்கத் தேவையில்லை.

நான் எழுத வெளிக்கிட்டதே வேற ஒண்டுக்காக. விண்டோஸ் 11ஐப் புதுசாப் போடேக்க இன்டர்நெட் கேக்கும், மைக்ரோசொஃப்ட் கணக்கும் கேக்கும். முந்தி ஒரு பேரைக் குடுத்திட்டுப் போனாக் காணும், கடைக்காரத் தம்பி "யூசர்" எண்டு அடிச்சிட்டு மெஷினைக் கையில தந்திடுவார். இப்ப கணக்கு வேணும் எண்டதால, நீங்கள் பக்கத்தில இல்லாட்டி அவர் தன்ர கணக்கைப் போடுவார், இல்லாட்டி அந்த நேரத்துக்கு ஒரு ஈமெயிலைத் திறந்து போடுவார், அவரில குற்றம் சொல்ல வரேல்லை, வரிசையில பத்து மெஷின் நிக்கேக்க அவருக்கும் வேலை முடியோணுமே. ஆனா 24எச்2 இல இருந்து புது லப்டொப்பிலயும் அடியில இருந்து புதுசா விண்டோஸ் போட்ட மெஷினிலயும் டிஸ்க் தானாவே என்கிரிப்ட் ஆகுது, அதாவது டிஸ்கில கிடக்கிற எல்லாத்தையும் பூட்டி வச்சிடும். அந்தப் பூட்டுக்கு 48 இலக்கத்தில ரிக்கவரி கீ எண்ட ஒரு சாவி நம்பர் இருக்கு, அது போய்ச் சேருறது அந்த மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள்ளதான். காணி வாங்கிப்போட்டு உறுதியைப் புரோக்கரின்ர பேரில எழுதினது மாதிரித்தான் இது.

சாதாரண நாளில இந்தச் சாவி தேவைப்படாது, அதால ஒருத்தருக்கும் தெரியவும் வராது. மதர்போர்ட் மாத்தினா, பயோஸில ஏதும் மாத்தினா, சில நேரம் பயோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் திடீரெண்டு கேக்கும். எங்கட அயலில ஒரு வீட்டில இதுதான் நடந்தது. மகள் உயர்தரம் படிக்கிற பிள்ளை, லப்டொப் பழுதாகித் திருத்தக் குடுத்து எடுத்தவை, வீட்டில கொண்டுவந்து ஒன் பண்ணினா நீலத் திரையில ரிக்கவரி கீ அடி எண்டு நிக்குது. நான் போய்ப் பாத்தன், கீழ சின்ன எழுத்தில கீ ஐடி எண்டு ஒரு நம்பர் கிடந்தது, கணக்கைத் திறந்து அந்த ஐடிக்கு நேர இருக்கிற 48 இலக்கத்தை அடிச்சா ரெண்டு நிமிசத்தில முடிஞ்சிருக்கும். எந்தக் கணக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. லப்டொப் வாங்கின இடத்தில கேட்டா, போட்ட பொடியன் வேலையை விட்டிட்டுப் போயிட்டான், ஈமெயில் ஞாபகமில்லை எண்டுட்டினம். சாவி இல்லாமத் திறக்க மைக்ரோசொஃப்டாலயும் ஏலாது. கடைசியில ஃபோர்மட் அடிச்சதுதான், பிள்ளையின்ர நோட்ஸ், செய்துகொண்டிருந்த புரொஜெக்ட், தகப்பன்ர கடைசிக் காலத்துப் படங்கள் எல்லாம் போச்சு. தாய் ஒண்டும் கதைக்கேல்லை, திரும்பத் திரும்ப "படம் மட்டும் எடுத்துத் தாங்கோ தம்பி" எண்டுதான் கேட்டா. அதை நினைச்சா எனக்கு இப்பவும் ஆறேல்லை, ஏனெண்டா இது வைரஸும் இல்லை, மெஷின்ர பிழையும் இல்லை, போட்ட அண்டைக்கு ஒரு தாளில ஒரு ஈமெயிலையும் பாஸ்வேர்ட்டையும் எழுதிக் குடுத்திருந்தா நடந்திருக்காது.

இதோட வன்டிரைவ் எண்ட, ஃபைலை இன்டர்நெட்டில வைக்கிற மைக்ரோசொஃப்டின்ர சேவையையும் சேத்துப் பாருங்கோ. கணக்கோட போட்ட விண்டோஸில டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர் மூண்டும் வன்டிரைவுக்குப் பேக்கப் போற மாதிரிச் செட்டாகிக் கிடக்கலாம். இலவசமாக் கிடைக்கிறது 5 ஜிபிதான், கொஞ்ச நாளில நிரம்பிட்டுது காசு கட்டு எண்டு நிக்கும், ஃபோன் ஹொட்ஸ்பொட்டில ஓடுற வீடு எண்டா டேட்டாவும் போயிடும். கணக்கு வேற ஆளின்ரை எண்டா உங்கட அடையாள அட்டைக் கொப்பி, பிள்ளையளின்ர படம் எல்லாம் அவரின்ர இடத்தில போய்க் குந்தும். வன்டிரைவ் செட்டிங்ஸில அந்தப் பேக்கப்பை நிப்பாட்டலாம், நிப்பாட்டின பிறகு ஃபைல் எங்க நிக்குது எண்டு பாத்து மெஷினுக்க எடுத்து வையுங்கோ. அப்டேட்டுகளும் பெரிசு, வைஃபை செட்டிங்ஸில மீட்டர்ட் கனெக்சன் எண்டதை ஒன் பண்ணி வச்சா பெரிய அப்டேட் கேக்காம இறங்காது.

தமிழில வேலை செய்யிற ஆக்களுக்கு இன்னும் ஒண்டு. எங்கட பக்கத்தில பள்ளிக்கூடம், கோயில், சங்கம் எல்லாத்தின்ர பழைய ஃபைலும் பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்டிலதான் கிடக்கு. சி டிரைவை ஃபோர்மட் அடிச்சுப் புதுசாப் போட்டா பாமினி ஃபொன்டும் போயிடும், பிறகு மலரைத் திறந்தா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ மந்திரம் மாதிரிக் கிடக்கும், ஃபைல் பழுதாப் போச்சு எண்டு அழிச்சவையும் இருக்கினம். அழியாதேங்கோ, ஃபொன்டைத் திரும்பப் போட்டா எழுத்து வந்திடும், அதுக்கு முன்கூட்டியே ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில இருந்து உங்கட தமிழ் ஃபொன்டுகளைப் பென்டிரைவில எடுத்து வையுங்கோ. லதா ஃபொன்டில அடிச்ச பழைய கடிதங்கள் வரி மாறி அடுத்த பக்கத்துக்கு ஓடினா, ஒப்ஷனல் ஃபீச்சர்ஸில தமிழ் ஃபொன்ட்ஸ் எண்டு இருக்கு, அதைச் சேருங்கோ. புதுசா எழுதுறவை எந்த மெஷினிலயும் தமிழாவே தெரியிற யூனிகோடுக்கு மாறுறதுதான் நல்லது, அதை அடிக்கிற தமிழ்99, அஞ்சல் கீபோர்ட் ரெண்டும் 2019 மே மாச அப்டேட்டோட விண்டோஸ் 10 இலயே வந்திட்டுது, 11 இலயும் இருக்கு, தனியா ஒரு கீபோர்ட் புரோகிராமும் தேவையில்லை.

11 ஏறாத மெஷினைப் பழைய இரும்புக்குப் போட முதல் விண்டோஸுக்குப் பதிலாப் போடுற லினக்ஸ் மின்ட் எண்டதை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. காசில்லை, 22ம் வேர்ஷனுக்கு 2029 மட்டும் அப்டேட் வரும், 4 ஜிபி ரம்மோட நல்லா ஓடும், கணக்கு ஒண்டும் கேக்காது. பென்டிரைவில இருந்தே ஓடவிட்டுப் பாக்கலாம், மெஷினில இருக்கிற விண்டோஸில ஒரு ஃபைலும் தொடாது, வைஃபை பிடிக்குதோ, பிறின்டர் எடுக்குதோ எண்டு பாத்திட்டுப் பிடிச்சாப் போடலாம். அதோட வாற லிப்ரே ஒஃபிஸில வேர்ட் ஃபைல் திறக்கும், பாமினி ஃபொன்டும் வேலை செய்யும். ஃபோட்டோஷொப், பேஜ்மேக்கர் வேலைக்கு அது சரிவராது, எனக்கு அதால முழுசா மாற ஏலாமக் கிடக்கு, ஆனா பிள்ளை படிக்க, சூம் பாக்க, கடிதம் அடிக்க இதுக்கு மேல என்ன வேணும்.

கொம்பியூட்டர் கடை வச்சிருக்கிற தம்பிமாருக்கு என்ர வேண்டுகோள், விண்டோஸ் போட்டுக் குடுக்கேக்க வாடிக்கையாளரைப் பக்கத்தில வச்சு அவரின்ர ஈமெயிலிலயே கணக்கைத் திறவுங்கோ, ரிக்கவரி கீயைப் பிறின்ட் எடுத்து பில்லோட சேத்துக் குத்திக் குடுங்கோ, ஒரு தாள் செலவுதான். போன வருசம் போட்ட மெஷினுகள் இருந்தா அவையளைக் கூப்பிட்டுக் கணக்கை மாத்திக் குடுங்கோ. வீட்டில ஏற்கனவே 11 ஓடுற ஆக்கள் செட்டிங்ஸில பிரைவசி அன்ட் செக்கியூரிட்டிக்குள்ள டிவைஸ் என்கிரிப்ஷன் ஒன் ஆகிக் கிடக்கோ, அக்கவுன்ட்ஸில ஆற்ற ஈமெயில் கிடக்கு எண்டு இண்டைக்கே பாருங்கோ. ஆசிரியர் அவர்களே, பள்ளிக்கூட லீவுக்கு முதல் இந்த விபரத்தைப் படத்தோட உங்கட மாணவர் பக்கத்தில ஒருக்காப் போட்டா, இந்தப் பிள்ளையளே வீட்டில பெரியாக்களுக்குச் செய்து குடுப்பினம்.

நன்றி.

இப்படிக்கு,
மட்டிக்களி வாசகர்,
திருகோணமலை.