பழைய கணினிப் பழுதுநீக்கப் பிரிவு, பினாங்கு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, அங்கத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைக்கிறார். இந்த அறிக்கை முழுவதும் பழுதுநீக்க மேசையைப் பற்றியது. பட்டர்வொர்த்திலிருந்தும் ஆயர் ஈத்தாமிலிருந்தும் பழைய கணினியைத் தூக்கி வருகிறவர்கள் பலரும் "போர்டு போச்சு", அதாவது தாய்ப்பலகையே கெட்டுவிட்டது என்ற தீர்ப்போடுதான் வருகிறார்கள். திரையில் என்ன வந்தது என்று கேட்டால், "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு, எஃப்1 அழுத்திட்டேன்" என்கிறார்கள். எஃப்1-ஐத் தொடுமுன் அந்த வரியைக் கைப்பேசியில் படம் பிடித்துவிடுங்கள். கணினி எந்தப் படிவரை ஏறி, எங்கே நின்றது என்பதை அந்த வரிதான் சொல்கிறது.

இந்த ஆண்டும் மேசையில் முதலிடம் நாணய பேட்டரிக்குத்தான். 'சிமாஸ் செக்சம் எரர், டிஃபால்ட்ஸ் லோடட்' (போர்டின் அமைப்புகளை வைத்திருக்கும் சிமாஸ் நினைவகம் பிழைத்துவிட்டது, தொழிற்சாலை அமைப்புகள் ஏற்றப்பட்டன) என்று வந்தால், சிஆர்2032 பேட்டரி இறங்கிவிட்டதா என்று முதலில் பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், மீட்டரில் 2.7-க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறோம், இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுகிறோம். பாதுகாப்புக்கு அது சரிதான். ஆனால் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை போர்டின் கடிகாரத்தைப் பவர் சப்ளையின் காத்திருப்பு மின்சாரம் ஓட்டும். அது நின்றால் முழுச் சுமையும் பேட்டரி மேல் விழுகிறது.

பேட்டரியை மாற்றுவது எளிது. பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, பக்கத்துக் கொக்கியைத் தள்ளினால் பழையது எழும்பும். புதியதை '+' குறி மேலே தெரிய வையுங்கள். கழற்றிய பேட்டரியை மேசையில் விட வேண்டாம். குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. அமைப்புகள் அழிந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியதால், இல்லாத ஃபிளாப்பி டிரைவைப் போர்டு தேடி 'ஃபிளாப்பி டிஸ்க் ஃபெயில் 40' என்று நிற்கும். டெலீட் விசையால் பயோஸுக்குள் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரலின் அமைப்புப் பக்கம்) போய் டிரைவ் ஏ என்ற இடத்தில் 'நன்' (None, எதுவுமில்லை) என்று வைத்தால் தீர்ந்தது. தேதி, நேரத்தையும் அங்கேயே திருத்துங்கள்; தேதி 2002 என்று கிடந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்று சொல்லி இணையத்தளங்கள் திறக்காது. இவற்றைவிடப் பெரிய சேதம் சாட்டா முறையால், அதாவது போர்டு வட்டோடு பேசும் விதத்தால் வருகிறது. விண்டோஸ் நிறுவியபோது ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்த போர்டு இப்போது ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாறியிருந்தாலோ, அதற்கு நேர்மாறாக நடந்திருந்தாலோ, 0x0000007B என்ற எண்ணோடு நீலத்திரை வரும். உடனே விண்டோஸைப் புதிதாக ஏற்றி, வட்டில் இருந்த குடும்பப் படங்களை அழித்துவிடுகிறார்கள். பயோஸில் சாட்டா முறையை மற்றதற்கு மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். 'ரெய்டு' (பல வட்டுகளைச் சேர்த்து ஆளும் முறை) என்று இருந்த கணினியை மட்டும் அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

புதிய பேட்டரி போட்டும் செக்சம் பிழை போகவில்லையா? சிமாஸை அழிக்க, மூன்று முள்களில் இரண்டை இணைக்கும் சிறு மூடி (ஜம்பர்) 2-3 நிலையிலேயே விடப்பட்டிருக்கலாம். பெரும்பாலான போர்டுகளில் வழக்கமான இடம் 1-2.

அடுத்ததாக, வட்டு சார்ந்த செய்திகள். 'டிஸ்க் பூட் ஃபெயிலியர்' என்பதும் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்பதும் போர்டே சொல்பவை: துவக்கக்கூடிய வட்டு கிடைக்கவில்லை என்று பொருள். பென்டிரைவ் செருகியபடியே இருக்கிறதா, சாட்டா கேபிள் தளர்ந்ததா, துவக்க வரிசை மாறியதா என்று பாருங்கள். 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்', 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' ஆகிய இரண்டும் வட்டிலிருந்தே வரும் சொற்கள். முதலாவது விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது, இரண்டாவது விஸ்டா முதல் வந்த விண்டோஸுக்கு உரியது. வட்டின் முதல் பகுதியைப் படித்த பிறகே அவை திரைக்கு வருகின்றன, எனவே அங்கே போர்டைக் குறை சொல்ல இடமில்லை. 'ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்' (வட்டின் நிலை மோசம், நகலெடுத்து மாற்று) என்று வந்தால் அதை அப்படியே நம்புங்கள். முதலில் கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுங்கள். சோதனை, ஃபார்மட் எதுவானாலும் அதற்குப் பிறகுதான்.

திரையே வராதபோது காதுதான் துணை. போர்டில் ஸ்பீக்கர் முள்ளில் ஒரு சிறு பஸ்ஸர் இல்லையென்றால் ஒன்றைச் செருகிவிட்டுக் கேளுங்கள். பயோஸ் எந்த நிறுவனத்துடையது (அவார்டா, ஏஎம்ஐ-யா) என்று தெரியாமல் ஒலியை எண்ணுவது வீண்: ஒரு சிறு பீப் அவார்டில் நலம் என்று பொருள்; ஏஎம்ஐ-யின் பழைய பட்டியலில் அதுவே நினைவகப் புதுப்பிப்புப் பிழை. அவார்டில் ஒரு நீளமும் இரண்டு குறுக்கமும் என்றால் கிராஃபிக்ஸ் கார்டு. நீண்ட ஒலி ஓயாமல் திரும்பத் திரும்ப வந்தால் ரேம் (நினைவகப் பட்டை). ஏஎம்ஐ-யில் மூன்று பீப் ரேம், எட்டு பீப் காட்சி நினைவகம். 1998-இல் அவார்டு ஃபீனிக்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது. 'ஃபீனிக்ஸ்-அவார்டு' என்று எழுதிய சில்லுக்கு அவார்டு பட்டியலையே பாருங்கள்.

ரேம் என்று தெரிந்தால் உடனே புதியது வாங்க வேண்டாம். கடற்காற்றும் ஈரமும் உள்ள இந்தத் தீவில் தொடர்பு முனைகள் மங்குவது வழக்கம். வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்த பின் ஒரே ஒரு பட்டையைப் போட்டு, இரு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று விழும்வரை அழுத்துங்கள். பல கணினிகள் இந்த அளவிலேயே எழுந்துவிடுகின்றன.

'சிபியு ஃபேன் எரர்' (செயலி விசிறிப் பிழை) வந்தால் அதை 'இக்னோர்' (பொருட்படுத்தாதே) என்று வைத்து அனுப்பும் பழக்கத்தை நம் மேசையில் அனுமதிப்பதில்லை. விசிறி வயர் வேறு முள்ளில் செருகப்பட்டிருக்கலாம், அல்லது தூசி அடைத்துச் சுழற்சி குறைந்திருக்கலாம். சாக்கெட் 775 என்ற இன்டெல் செயலி வகைக்கான குளிர்விப்பானின் நான்கு கால்களில் ஒன்று பிடிக்காமல் நின்றாலும் செயலி சுடும். பழைய வெப்பப் பசையைத் துடைக்கும்போது செயலி மூடியில் 'மலாய்' (MALAY) என்ற எழுத்து பலமுறை தென்படும். மலேசியாவில் பொதியப்பட்டதன் அடையாளம் அது. 1972-இல் இன்டெல் இந்தப் பினாங்கில் ஆலை தொடங்கியதை நம் இளையோருக்கு அந்த நேரத்தில் சொல்லிக்கொடுங்கள்.

செயலியைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களின் (சிறு உருளை வடிவ மின்தேக்கிகள்) தலை உப்பியிருந்தால், செய்திகள் ஒவ்வொரு முறையும் மாறி மாறி வரும். 2000-ஆம் ஆண்டுகளின் முற்பகுதிப் போர்டுகளில் இது பரவலான குறை. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 பாகை செல்சியஸ் தாங்கும் தன்மை, குறைந்த ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) உள்ளதைப் போட வேண்டும். சாதாரண ரகம் நிலைக்காது.

மீட்க முடியாத போர்டுகள் மலேசிய விதிகளில் எஸ்டபிள்யூ110 என்ற வகை மின்னணுக் கழிவு. அவற்றை வீட்டுக் குப்பையில் போடாமல், உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கு கணினி எந்தச் சோதனைப் படியில் நின்றது என்று காட்டும் 'போஸ்ட்' (POST) சோதனை அட்டை ஒன்று, இரண்டு மல்டிமீட்டர், ஒரு பை நிறைய பஸ்ஸர் ஆகியவற்றை வாங்கச் செயலவையின் ஒப்புதலைக் கோருகிறேன். பெட்டியோடு செய்தியின் படத்தையும் கொண்டுவரும்படி அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கவும் முன்மொழிகிறேன். இவ்வறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்