மாவட்டத் தடகளம்: அஞ்சல் ஓட்டக் குழுவின் பெற்றோருக்கு

வணக்கம். பினாங்கு வடகிழக்கு மாவட்டத் தடகளத்துக்கு நம் 4 × 100 மீட்டர் குழு தயாராகிறது. வேகத்தில் நம் பிள்ளைகள் சளைத்தவர்கள் அல்லர். ஒருவர் அடுத்தவரிடம் கோல் மாற்றும்போதுதான் பின்தங்குகிறார்கள்.

மாற்றும் பகுதி 30 மீட்டர். அதற்குள் கோல் கைமாற வேண்டும். கால் எங்கே இருக்கிறது என்று நடுவர்கள் பார்க்கமாட்டார்கள், கோல்தான் கணக்கு. வாங்குபவர் திரும்பிப் பார்த்தால் வேகம் செத்துவிடும். கொடுப்பவர் குரல் கொடுத்ததும் கையைப் பின்னால் நீட்டினால் போதும். கோல் விழுந்தால் தவறவிட்டவரே எடுக்க வேண்டும்.

வீட்டில் நாளிதழைக் கோல் போல 30 சென்டிமீட்டருக்குச் சுருட்டித் தினமும் கைமாற்றிப் பழக்குங்கள். வயதுப் பிரிவுக்கு மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) நகல் வெள்ளிக்கிழமைக்குள் தேவை.